தூரமே மருந்து: மாட்டிலையானும் நமது பட்டிகளும்

(புளியங்குளத்தில் பண்ணையாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மாட்டிலையான். இந்த அவையில் அதனிடம் கடி வாங்காதவர் ஒருவரும் இருக்கமாட்டார். குளத்தில் குளித்துவிட்டுக் கரையேறும்போது முதுகில் சுரீரென்று ஒரு கடி. வரம்பு கட்டக் குனியும்போது முழங்காலுக்குப் பின்னால் ஒரு கடி. கையை ஓங்கி அடிப்போம். செத்தால் சரி, தப்பினால் போகட்டும் என்று வேலையைப் பார்ப்போம். ஆனால் மாடு என்ன செய்யும்? வெயில் ஏறிய நேரத்தில் நாம்பன்கள் ஓயாமல் வாலைச் சுழற்றுவதைப் பார்க்கிறோம். முன்னங்காலை நிலத்தில் ஓங்கி அடிப்பதைப் பார்க்கிறோம். மேய்ச்சலை விட்டுவிட்டு ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதைப் பார்க்கிறோம். எருமைகள் மூக்கு மட்டும் வெளியே தெரியச் சேற்றுக்குள் கிடப்பதைப் பார்க்கிறோம். நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் அவற்றை அப்படி வருத்துவது எது, அது எங்கே பிறக்கிறது, எதைக் கண்டு வருகிறது, எதை விட்டுச் செல்கிறது என்று கேட்டிருக்கிறோமா? அந்தக் கேள்விகளை இன்று சேர்ந்து கேட்போம்.

ஏன் இந்தப் பேச்சு புளியங்குளத்தில்? ஓமந்தை தாண்டி ஏ-9 வீதியில் வடக்கே வாருங்கள். இங்கிருந்து கிழக்கே நெடுங்கேணிப் பக்கம் திரும்புங்கள். எங்கே போனாலும் ஒரு குளம். குளத்தின் கீழே வயல். வயலுக்கு அப்பால் காடு. காட்டோரத்தில் பட்டி. நீர், சேறு, வெயில், மாடு ஆகிய நான்கும் சேர்ந்த இடமே மாட்டிலையானுக்கு வேண்டிய இடம். அந்த நான்கும் வன்னியில் தாராளமாக இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இருப்பவர்களில் பலர் போரில் பட்டியோடு எல்லாவற்றையும் இழந்து, மீளக் குடியேறி, ஒரு பசுவிலும் ஒரு கன்றிலும் இருந்து மறுபடி தொடங்கியவர்கள். அப்படிக் கட்டியெழுப்பிய பட்டியில் ஒரு மாடு விழுந்தால் அது பிள்ளையின் படிப்புச் செலவு. அதனால்தான் இந்தச் சிறிய பூச்சியைப் பற்றி நான் பெரிதாகப் பேச வந்திருக்கிறேன்.

முதலில், மாட்டிலையான் யார்?

வீட்டில் சோற்றுக் கோப்பையில் வந்து குந்துகிற இலையானுக்கு இது தூரத்து உறவு மட்டுமே. தபானிடே என்ற தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் அந்தக் குடும்பத்தில் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. நமது தீவில் முக்கியமாக மூன்று வகைகளைக் காணலாம். தபானஸ் என்பவை பெரியவை. தடித்த உடல், அகன்ற தலை, உரத்த ரீங்காரம். கிரைசொப்ஸ் என்பவை சிறியவை. சிறகில் கருமையான பட்டி, வெயிலில் மினுங்கும் கண்கள். ஹீமற்றோபோட்டா என்பவை சாம்பல் நிறம். சிறகு முழுவதும் புள்ளி புள்ளியாக இருக்கும், ஓசையில்லாமல் வந்து இறங்கும். தபானஸ் வகையில் ஆசிய நாடுகளின் மாட்டுப் பண்ணைகளில் அடிக்கடி பேசப்படுகிற ஒன்று தபானஸ் ஸ்ட்ரையாட்டஸ். வயிற்றின் மேற்புறத்தில் நீளவாட்டில் வெளிறிய கோடுகள் ஓடும். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு ஒரு முக்கியமான செய்தி சொல்வேன்.

கடிப்பது யார்? பெண் மட்டுமே. ஆண் கடிக்காது. ஆணுக்கு இரத்தமே தேவையில்லை. பூந்தேனும் இனிப்பான சாறும் போதும். பெண்ணும் பறப்பதற்கான பலத்தை இனிப்பிலிருந்தே பெறுகிறது. இரத்தம் எதற்கு? முட்டைக்கு. முட்டை வளரப் புரதம் வேண்டும். அந்தப் புரதம் இரத்தத்தில் இருக்கிறது. சில இனங்களில் முதல் தடவை முட்டையை இரத்தம் இல்லாமலே இட்டுவிடும்; குடம்பிப் பருவத்தில் சேர்த்து வைத்த சத்தே போதுமாக இருக்கும். அடுத்த தடவைக்குத்தான் மாட்டைத் தேடி வரும்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். செத்த மாட்டிலையான் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பாருங்கள். இரண்டு கண்களும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆண். இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி ஓடினால் பெண். மாட்டின் மேல் அடித்து வீழ்த்தியவை எல்லாமே இடைவெளி உள்ளவையாக இருக்கும். ஒரு வாரம் சேர்த்து எண்ணிப் பாருங்கள். புத்தகத்தைக் காட்டிலும் அது உறுதியாகச் சொல்லும்.

அடுத்த கேள்வி: இந்தக் கடி ஏன் இவ்வளவு நோகிறது?

நுளம்பு கடித்ததே தெரியாது. எழும்பிப் போன பிறகுதான் சொறிவோம். மாட்டிலையான் அப்படியல்ல. நுளம்பின் வாய் ஊசி என்றால் மாட்டிலையானின் வாய் கத்தி. அதன் வாயில் தட்டையான, கூரிய அலகுகள் இருக்கின்றன. அவை தோலை அறுத்து, உள்ளே உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கிழிக்கின்றன. கிழிந்த இடத்தில் இரத்தம் ஊறித் தேங்குகிறது. உறையாமல் இருக்க எச்சிலை அதில் விடுகிறது. பிறகு வாயின் நுனியிலுள்ள மென்மையான பஞ்சுப் பகுதியால் தேங்கிய இரத்தத்தை ஒற்றி உறிஞ்சுகிறது. ஈ பறந்துபோன பிறகும் காயத்திலிருந்து இரத்தம் வடிகிறதே, அதற்குக் காரணம் அந்த எச்சில். அப்படி வடியும் இரத்தத்துக்கு வேறு ஈக்களும் வந்து மொய்க்கும்.

இருபது, முப்பது மாட்டிலையான்கள் ஒரு மாட்டில் ஆறு மணி நேரம் மாறி மாறிக் குடித்தால் சுமார் 100 மில்லிலீற்றர் இரத்தம் போகும் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு நாளுக்கு அது சிறிய அளவாகத் தெரியலாம். ஒரு பருவம் முழுவதும் கூட்டிப் பாருங்கள். அதோடு மேயாமல் நின்ற நேரத்தையும் கூட்டுங்கள். வாலைச் சுழற்றியும் காலை அடித்தும் வீணாக்கிய பலத்தையும் கூட்டுங்கள். மெலிந்த உடம்பாகவும் குறைந்த பாலாகவும் அந்தக் கணக்கு வந்து நிற்கும்.

ஆனால் நண்பர்களே, இரத்தம் போவது சிறிய சேதம். பெரிய சேதம் அந்த நோவிலிருந்துதான் தொடங்குகிறது. எப்படி? கடி நோவதால் மாடு வாலால் அடிக்கிறது, தோலைச் சிலிர்க்கிறது, காலை உதறுகிறது. ஈ பாதி வயிற்றோடு எழும்புகிறது. எழும்பிய ஈ பசியோடு இருக்கிறது. அது உடனே மறுபடி கடிக்க வேண்டும். அதே மாட்டிலோ, பக்கத்தில் நிற்கும் மாட்டிலோ கடிக்கும். அதன் வாயில் முதல் மாட்டின் இரத்தம் இன்னும் காயாமல் இருக்கிறது. இந்தப் பாதிச் சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். இன்று நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் அதற்குள் இருக்கிறது.

அதற்கு முன், அது பிறக்கும் இடத்துக்கு ஒரு தடவை போய் வருவோம். எங்கே? நம் குளத்து அலைகரைக்கு.

அலைகரையில் நாணலும் கோரையும் நீருக்கு மேலே சாய்ந்து நிற்கும். அந்த இலைகளைப் புரட்டிப் பாருங்கள். சில வேளை விரல் நகத்தளவு ஒரு திட்டு ஒட்டியிருக்கும். அதுதான் மாட்டிலையானின் முட்டைத் திட்டு. நூறு முதல் ஆயிரம் வரையான முட்டைகள், நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கிப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இட்ட உடனே வெள்ளை நிறம்; பிறகு கறுத்துவிடும். வெப்ப நாடுகளில் ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும். பொரித்த குடம்பிகள் அப்படியே கீழே விழும். கீழே நீர், அல்லது ஈரச் சேறு. தாய் அந்த இலையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

சேற்றுக்குள் போன குடம்பி என்ன செய்கிறது? வேட்டையாடுகிறது. வெளிறிய உடல், இருபுறமும் கூர்மை, உடலைச் சுற்றி வளையம் வளையமாகத் தடிப்பு, வால் முனையில் மூச்சு விடுவதற்கு ஒரு குழாய். தபானஸ் குடம்பி மண்புழுவைத் தின்னும். மற்றப் பூச்சிகளின் குடம்பிகளைத் தின்னும். நத்தையைத் தின்னும். இரை கிடைக்காவிட்டால் தன் இனத்தையே தின்னும். அதனால்தான் இவற்றை ஆய்வுகூடத்தில் வளர்ப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் வைக்கிறார்கள். யப்பானில் வெறுங்காலோடு நெல் வயலில் இறங்குபவர்களை இந்தக் குடம்பிகள் கடிப்பதுண்டு. அமெரிக்காவின் வரண்ட தென்மேற்குப் பகுதியில் ஒரு தபானஸ் குடம்பி சேற்றுக்குள் மறைந்திருந்து, குளத்தைவிட்டு வெளியேறும் சிறு தேரைகளைப் பிடித்து உள்ளே இழுத்து உறிஞ்சிக் கொல்வதை 1983 இல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். தேரை ஈயைத் தின்னும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அங்கே ஈயின் பிள்ளை தேரையைத் தின்கிறது!

இன்னோர் அதிசயத்தையும் கேளுங்கள். சிறுபோகத்துக்குத் துருசு திறந்து, குளம் வற்றி, சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடப்பதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். வெடிப்புக்குள் அகப்பட்ட கூட்டுப்புழுவின் கதி என்ன? காய்ந்து சாகும், அல்லது எறும்புக்கு இரையாகும். ஆபிரிக்காவில் அன்று நியாசாலாந்து என்றும் இன்று மலாவி என்றும் அழைக்கப்படும் நாட்டில் லம்போர்ன் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு மாட்டிலையான் குடம்பி கண்டுபிடித்த வழியை 1930 இல் எழுதினார். சேறு இன்னும் மென்மையாக இருக்கும்போதே குடம்பி வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கீழ்நோக்கித் துளைக்கிறது. நடுவிலே உருளை வடிவில் ஒரு மண் துண்டு பிரிந்து நிற்கிறது. பிறகு அந்த உருளைக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. சேறு வெடிக்கும்போது வெடிப்பு ஏற்கெனவே பிரிந்திருக்கும் உருளையின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது, உள்ளே ஊடுருவுவதில்லை. நுணுக்குக்காட்டி வேண்டாம், கண்ணால் காணக்கூடிய வேலை இது.

இதை எதற்காகச் சொல்கிறேன்? குளத்துக்கு மருந்து அடித்தால் மாட்டிலையான் ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். குடம்பி நீரின் மேலே மிதந்துகொண்டு நிற்பதில்லை. சேற்றுக்குள் வாழ்கிறது. மருந்து அதைத் தேடிப்போய்ச் சேராது. சேர்வது மீனுக்கு. சேர்வது தும்பிக்கு. சேர்வது அந்த நீரைக் குடிக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும். குளத்தைக் கெடுத்து ஈயை வெல்ல முடியாது. இதை இந்த அவையில் அழுத்தமாகச் சொல்லிவைக்கிறேன்.

இனி மூன்றாவது கேள்வி: அது மாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாடு விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு அதை இழுக்கிறது. பட்டியில் ஊறிக் கிடக்கும் மூத்திரத்தின் மணம் இழுக்கிறது. கிட்ட வந்ததும் கண் வேலை செய்கிறது. அசைகின்ற, இருண்ட, வெயிலில் சூடேறிய, பளபளக்கும் உருவம் எதுவோ அதை நோக்கி வருகிறது. அந்தப் பளபளப்பை ஆராய்ந்தவர்களில் ஹங்கேரி நாட்டின் காபோர் ஹோர்வாத்தும் அவருடைய குழுவினரும் முக்கியமானவர்கள். நீர்ப்பரப்பிலும் கருமையான மினுமினுப்பான தோலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியில் முனைவாக்கம் என்ற ஒரு பண்பு உண்டு. நம் கண்ணுக்கு அது தெரியாது. மாட்டிலையானின் கண்ணுக்குத் தெரியும். குளத்தையும் அது அந்த ஒளியால் அறிகிறது. மாட்டையும் அந்த ஒளியால் அறிகிறது. பசை பூசிய குதிரை உருவங்களை வெயிலில் நிறுத்திச் சோதித்தபோது கறுப்பிலும் மண்ணிறத்திலும் ஈக்கள் நிறைய ஒட்டின. வெள்ளையில் மிகக் குறைவாக ஒட்டின. 2010 இல் அந்த முடிவு வெளியானது. பட்டியிலே கறுத்த மாடு வெள்ளை மாட்டைவிட அதிகம் அவதிப்படுவதாகச் சொல்லும் பண்ணையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் வரிக்குதிரைக்கு ஏன் வரி? இங்கிலாந்தில் ரிம் காரோவும் அவருடைய குழுவினரும் 2019 இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வரிக்குதிரைகளையும் சாதாரணக் குதிரைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கவனித்தார்கள். இரண்டையும் நோக்கி ஈக்கள் ஒரே மாதிரி வந்தன. ஆனால் வரிக்குதிரையில் இறங்கியவை சாதாரணக் குதிரையில் இறங்கியவற்றில் நான்கில் ஒரு பங்குதான். வரிகளைக் கண்ட ஈ வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் மோதியது, அல்லது கடந்துபோனது. சாதாரணக் குதிரைக்கு வரிபோட்ட போர்வையைப் போட்டபோதும் போர்வை மூடிய இடத்தில் ஈ இறங்குவது குறைந்தது. மூடாத தலையில் குறையவில்லை. அதே ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் கறுத்த பசுக்களின் உடம்பில் வெள்ளை வரிகளைத் தீட்டிப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்கள் வந்து இறங்குவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதைக் கேட்டதும் மாட்டுக்கு வர்ணம் பூச ஓடவேண்டாம். ஈயின் கண்ணை ஏமாற்றலாம் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். அந்தப் பாதிச் சாப்பாடு. அது எதை விட்டுச் செல்கிறது?

1880 ஆம் ஆண்டு. அன்றைய பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப்பில், தேரா இஸ்மாயில் கான் என்ற இடத்தில் குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் கண்டு, மெலிந்து, இரத்தம் குன்றிச் செத்துக்கொண்டிருந்தன. சுர்ரா என்று அந்த நோயை அழைத்தார்கள். கிரிபித் எவான்ஸ் என்ற கால்நடை வைத்தியர் நோயுற்ற மிருகங்களின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். நெளிந்து நீந்தும் ஓர் உயிரைக் கண்டார். இன்று அதற்குத் திரிப்பனசோமா எவான்சி என்று அவருடைய பெயரே இருக்கிறது.

அந்த உயிர் ஒரு மிருகத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது? 1901 இல் லெனார்ட் ரோஜர்ஸ் இந்தியாவில் சோதித்துக் காட்டினார். நோயுற்ற மிருகத்தில் கடித்துக்கொண்டிருந்த மாட்டிலையானை எடுத்து உடனே நலமான மிருகத்தில் கடிக்கவிட்டார்; நோய் தொற்றியது. ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்திருந்து கடிக்கவிட்டபோது தொற்றவில்லை. பிறகு பிலிப்பைன்ஸில் மிட்ஸ்மெய்ன் என்ற ஆய்வாளர், நான் நினைவில் வைத்திருக்கச் சொன்ன தபானஸ் ஸ்ட்ரையாட்டஸ் என்ற பெயரில் ஓர் ஈயை முட்டையிலிருந்து வளர்த்து, அதன் வாழ்க்கை முழுவதையும் 1913 இல் எழுதினார். அதே ஈயால் சுர்ரா பரவுவதையும் காட்டினார். அவரும் அதையே கண்டார்: கடிக்கும் கடிக்கும் இடையே நேரம் குறுகியதாக இருந்தால்தான் நோய் தாவுகிறது.

இதன் பொருள் என்ன? மலேரியாக் கிருமி நுளம்பின் உடலுக்குள் பல நாள் வளர்ந்து பெருகிய பிறகே அடுத்தவருக்குப் போகிறது. மாட்டிலையானுக்குள் சுர்ராக் கிருமி வளர்வதில்லை. அது வாயில் ஒட்டிய ஈர இரத்தத்தில் உயிரோடிருக்கும் சிறிது நேரத்துக்கு மட்டுமே ஆபத்து. அந்த இரத்தம் எவ்வளவு? ஒரு தபானஸ் இனத்தின் வாயில் ஒட்டியிருந்ததை அளந்தபோது அது ஒரு மில்லிலீற்றரின் ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். ஆனால் நோயுற்ற மிருகத்தின் இரத்தத்தில் கிருமி நிறைந்திருக்கும்போது அதுவே போதும்.

மனிதரை இந்த நோய் பொதுவாகத் தொடுவதில்லை. ஆனாலும் 2004 இல் மகாராஷ்டிர மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் இரத்தத்தில் இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. பொதுவாக மனித இரத்தத்தில் உள்ள, இக்கிருமியைக் கொல்லும் ஒரு புரதம் அவருக்கு இயற்கையாகவே குறைபாடாக இருந்ததைப் பிறகு அறிந்தார்கள். சிகிச்சை பெற்று அவர் குணமடைந்தார்.

நமக்குக் கிட்டிய ஓர் உதாரணத்துக்கு வருவோம். 2020 இன் பிற்பகுதியில் நமது வட மாகாணத்தில் மாடுகளின் தோலில் கழலை கழலையாக எழும்பியதே, நினைவிருக்கிறதா? தோல் கழலை நோய். இலங்கையில் அது முதன்முதலாகத் தென்பட்டது அப்போதுதான். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 இல், இந்தியாவில் அது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. அந்த வைரசைப் பரப்புவதில் நுளம்புக்கும், பட்டியில் மொய்க்கும் சிறிய கடி ஈக்களுக்கும், உண்ணிக்கும் பங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹீமற்றோபோட்டா மாட்டிலையானாலும் அது தாவக்கூடும் என்பதை 2019 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சோதனையில் காட்டினார்கள். நம் பட்டிகளில் மாட்டின் இரத்தத்தைக் குன்றச் செய்யும் அனப்பிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நோயும் முக்கியமாக உண்ணியால் பரவினாலும், மாட்டிலையானின் வாயாலும் பரவக்கூடியது.

அப்படியானால் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? இல்லை. இங்கேதான் நல்ல செய்தி இருக்கிறது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேன் ஃபொயில் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். கடி பாதியில் நின்ற ஈ எவ்வளவு தூரம் போகும்? குதிரையில் கடித்துக்கொண்டிருந்த ஈக்களுக்கு அடையாளமிட்டு, இன்னொரு குதிரையை வெவ்வேறு தூரத்தில் நிறுத்திப் பார்த்தார். குதிரைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது ஈக்கள் தாராளமாக மாறின. இடைவெளி கூடக் கூட மாறுவது வேகமாகக் குறைந்தது. சுமார் 50 மீற்றர் இடைவெளியிலேயே ஏறக்குறைய எல்லா ஈக்களும் தாம் தொடங்கிய குதிரைக்கே திரும்பிவிட்டன. ஏன்? பசித்த ஈக்குக் கிட்ட நிற்கும் உடலே போதும்; தூரத்துக்குப் போக வேண்டிய தேவை அதற்கில்லை. மாட்டிலையானால் பரவும் குதிரை இரத்தச்சோகை நோயில், நோயுற்ற குதிரையை மற்றவற்றிலிருந்து 200 யார் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் இன்றும் இருக்கிறது. 200 யார் என்பது சுமார் 180 மீற்றர். இரண்டு வயல் துண்டு தாண்டினால் வந்துவிடும்.

நண்பர்களே, இதற்கு விலை உண்டா? மருந்துக் கடைக்குப் போக வேண்டுமா? காய்ச்சல் கண்ட மாட்டை, கழலை எழும்பிய மாட்டை, காரணம் தெரியாமல் மெலியும் மாட்டை மற்ற மாடுகளோடு நெருங்கி நிற்கவிடாமல் தள்ளிக் கட்டுங்கள். பட்டிக்குள் கட்டாதீர்கள். மதிய வெயிலில் எல்லா மாடும் கூடும் அலைகரைக்கு அதைச் சாய்க்காதீர்கள். தண்ணீரை அதன் இடத்துக்குக் கொண்டுபோங்கள். தூரமே மருந்து. அது மட்டும் போதாது. கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும், தடுப்பூசி தரப்படும் நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். ஆனால் வைத்தியர் வந்து சேரும்வரை உங்கள் கையிலேயே இருக்கும் மருந்து தூரம்தான்.

இன்னும் சில வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாட்டிலையான் வெயிலை நாடும் பூச்சி. பெரிய தபானஸ் இனங்கள் அடர்ந்த நிழலுக்குள்ளும் இருண்ட கொட்டிலுக்குள்ளும் வரத் தயங்கும். வெயில் ஏறிய நேரத்தில் மாடுகளை மருத மர நிழலிலோ கொட்டிலிலோ நிற்கவிட்டு, காலையிலும் மாலையிலும் மேயவிட்டால் கடி குறையும்.

பின்னேரத்தில் பட்டியில் புகை போடுகிறோமே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். நுளம்பையும் மற்ற ஈக்களையும் அது விலக்கும். சாணத்தையும் ஊறிய வைக்கோலையும் பட்டிக்குள் சேரவிடாதீர்கள். சிறிய கடி ஈக்கள் பெருகுவது அதில்தான்.

பொறியும் வைக்கலாம். கனடாவில் மனிற்றோபாப் பொறி என்று ஒன்று இருக்கிறது. மினுக்கமான கறுத்த பந்தொன்றை வெயிலில் தொங்கவிட்டு, அதற்கு மேலே வெளிச்சம் புகும் கூம்பு ஒன்றைக் கட்டி, கூம்பின் உச்சியில் ஒரு போத்தலைக் கவிழ்த்து வைக்கிறார்கள். சூடேறி அசையும் கறுத்த பந்தை மாடென்று நினைத்து ஈ வரும், இரத்தம் கிடைக்காமல் மேலே எழும்பும், போத்தலுக்குள் அகப்படும். பழைய பந்தும் கறுத்த வர்ணமும் பொலித்தீனும் இருந்தால் மாணவர்களே செய்யலாம். ஒரு பொறி ஊரின் ஈயை ஒழிக்காது. பட்டிக்குப் பக்கத்தில் வருவதைக் குறைக்கும்.

நமது துணைவர்களையும் மறக்கக்கூடாது. மாட்டின் முதுகில் குந்தியிருந்து பாய்ந்து பிடிக்கும் கரிக்குருவி, மாட்டின் காலடியில் நடக்கும் உண்ணிக்கொக்கு, அலைகரையில் வட்டமிடும் தும்பி, மணலில் வளை தோண்டி மாட்டிலையானைக் குஞ்சுக்கு இரையாகக் கொண்டுபோகும் குளவி எல்லாம் நமக்காக வேலை செய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணைவரும் உண்டு. டெலினோமஸ் என்ற மிகச் சிறிய குளவி, மாட்டிலையானின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். அந்தத் திட்டிலிருந்து வெளிவருவது குடம்பியல்ல, குளவி. குளத்துக்கு மருந்து அடித்தால் முதலில் இழப்பது இவர்களைத்தான்.

ஊசி விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே ஊசியால் ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டு, மாற்றாமல் அடுத்த மாட்டுக்கும் போட்டால், மாட்டிலையான் செய்யும் வேலையை நம் கையாலேயே செய்கிறோம். ஊசியில் ஒட்டும் இரத்தம் ஈயின் வாயில் ஒட்டுவதைவிட எவ்வளவோ அதிகம். மாட்டுக்கு ஓர் ஊசி என்று கேட்டு வாங்குங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு மாட்டைத் தேர்ந்தெடுங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஐந்து நிமிடம் தள்ளி நின்று, அதன் கால்களிலும் வயிற்றிலும் எத்தனை மாட்டிலையான் இறங்குகிறது என்று எண்ணுங்கள். மழை நாளிலும் வெயில் நாளிலும் எண்ணுங்கள். கறுத்த மாட்டிலும் வெள்ளை மாட்டிலும் எண்ணுங்கள். ஓர் ஆண்டு எழுதி வைத்தால், நம் மண்ணில் எந்த மாதம் எந்த வேளை ஆபத்தானது என்று இந்த ஊருக்குச் சொல்லக்கூடியவர்கள் நீங்களாக இருப்பீர்கள். பிலிப்பைன்ஸில் மிட்ஸ்மெய்ன் தொடங்கியதும் பொறுமையாகப் பார்த்து எழுதுவதில்தான்.

பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பட்டிக்காரர் எல்லோரும் ஒருநாள் கூடிப் பேசுங்கள். மேய்ச்சல் வழிக்கும் அலைகரைக்கும் 200 யார் தள்ளி, நிழலும் தண்ணீரும் உள்ள ஓர் இடத்தை நோயுற்ற மாட்டுக்கென்று ஊர்ப் பொதுவில் ஒதுக்குங்கள். யாருடைய மாடு நோயுற்றாலும் அங்கே கட்டுவோம், மறைக்கமாட்டோம் என்று உடன்படுங்கள். நோயை ஒருவர் மறைத்தால் அடுத்தவருடைய மாடு விழும். ஒருவர் வெளியே சொன்னால் எல்லோருடைய பட்டியும் தப்பும். மாட்டிலையானை இந்த மண்ணிலிருந்து ஒழிக்க நம்மால் முடியாது. குளம் இருக்கும்வரை அதுவும் இருக்கும். குளம் நமக்கு வேண்டும். ஆனால் அது ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்கு நோயைக் கொண்டுபோகும் அந்தச் சிறிய தூரத்தை நம்மால் பெரிதாக்க முடியும். அதை இந்த ஊர் செய்து காட்டட்டும். கனகராயன்குளமும் நெடுங்கேணியும் வந்து பார்த்துச் செய்யட்டும்.